கட்டில் கம்பியில் இரண்டு தட்டு

காகித லோடுடன் பள்ளிபாளையத்தைத் தாண்டும்போதே குளிர் நடுக்கியது. காய்ச்சல்தானே என்று ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு லாரியை ஓட்டினேன். நாமக்கல் வந்தபோது மூச்சு திணறியது. நிமோனியா (நுரையீரல் தொற்று) என்றார்கள். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் வென்டிலேட்டர் (மூச்சு விட உதவும் இயந்திரம்) வைத்தார்கள்.

கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய். குரல் வரவில்லை, பேனா பிடிக்கவும் தெம்பில்லை. இடது கெண்டைக்காலில் மட்டும் உயிர் போகிற வலி.

நர்ஸ் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், பொறுமைசாலி. "அண்ணா, ஆமான்னா கட்டில் கம்பியில ஒரு தட்டு தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு. எங்கயாவது வலிக்குதா?"

இரண்டு தட்டினேன்.

"வலி இல்லையா, நல்லது" என்று சிரித்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விடாமல் இரண்டிரண்டாகத் தட்டினேன். பதற்றத்தில் குழாயைப் பிடுங்கிவிடுவேன் என்று பயந்து கையைத் துணியால் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மருந்து மயக்கத்தில் அவள் சொன்ன கணக்கு என் மண்டையில் ஏறவில்லை. கை தன் பழக்கத்துக்குத் தட்டியது.

பார்வை நேரத்தில் வந்த என் மனைவி சரசுவிடம் நர்ஸ் தன் தட்டுக் கணக்கைச் சொன்னாள். கட்டிய கையின் விரல்கள் மெத்தையில் இரண்டிரண்டாகத் தட்டுவதைச் சரசு கவனித்தாள்.

"கண்ணு, லாரியில கிளீனர் ஒரு தட்டு தட்டுனா நிறுத்தோணும், ரெண்டு தட்டுனா போலாமுங்க. இவரு கைக்கு ரெண்டுதான் ஆமாம். மாத்திக் கேட்டுப் பாருங்க சாமி."

நர்ஸ் கட்டை அவிழ்த்தாள். தலையா? ஒரு தட்டு. நெஞ்சா? ஒன்று. வயிறா? ஒன்று. கேள்வி காலுக்கு இறங்கி வருவதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆயிற்று.

"காலாண்ணா?"

இரண்டு தட்டினேன். கண்ணீர் காது வரை வழிந்தது.

ஸ்கேனில், காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. "நுரையீரலுக்குப் போயிருந்தா உயிருக்கே ஆபத்து. நல்ல நேரத்துல சொன்னீங்க" என்றார் டாக்டர். சொன்னீங்க என்றார்! அந்த வார்த்தையிலேயே பாதி நோய் போய்விட்டது. மீதிக்கு ஊசி போட்டார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பேச்சற்றுக் கிடந்தால், அவர் கை எந்த வேலையில் பழகியது என்பதை நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதுவரை உடம்பு எனக்கு ஓசியில் வந்த ஒன்று; வலித்தால் ஊர் போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். இப்போது ஒரு வலியைச் சொல்லவும் அதைக் கேட்கவும் ஆகும் நேரம் எவ்வளவு பெரிது என்று தெரியும். குழாயை எடுத்ததும் தொண்டை, முதுகு, இடுப்பு, ஊசி குத்திய இடம் என்று கரகரத்த குரலில் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றாள் சரசு. "நாங்க எங்கயும் போயிரல."