சீமாட்டியின் நிலமும் சீதனக் காணியும்

மெல்பர்னில் ஓர் ஓவியக் கூடம். வெளியே மழை. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயச் சீமாட்டியின் ஓவியத்தின் முன் நிற்கிறேன். கழுத்தில் முத்துமாலை, மடியில் நாய்க்குட்டி. தந்தையின் நிலங்களுக்கெல்லாம் ஒரே வாரிசு அவள். மணமானதும் அத்தனையும் கணவன் வசமாகிவிட்டன என்கிறது பக்கத்திலுள்ள குறிப்பு. அதைத் தமிழில் போனில் தங்கைக்குச் சொல்கிறேன்.

பேசி முடித்ததும், கூடத்தின் காவல் பணியில் இருக்கும் பெண் அருகே வருகிறார்.

“தமிழே? நான் யாழ்ப்பாணம். இப்ப இங்க மெல்பர்ன் பக்கம், வெரிபீயில இருக்கிறன்.” ஓவியத்தைப் பார்க்கிறார். “எனக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. சீதனக் காணி என்ர பேரில. ஆனா புருஷன் கையெழுத்து வைக்காட்டி விக்க ஏலாது, எங்கட யாழ்ப்பாணச் சட்டம் அப்பிடி. அவர் என்னை விட்டிட்டுப் போன பிறகும் வைக்கேல்லை. ஊருக்குப் போய் வழக்குப் போட்டனான்.”

“என்ன ஆச்சு?”

“வெண்டிட்டன். இனி அவற்ற கையெழுத்து தேவையில்லை.”

“வித்துட்டீங்களா?”

“இல்லை. விக்கமாட்டன்.”

“அப்புறம் எதுக்கு வழக்கு?”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.

“விக்கமாட்டன் எண்டு நான்தானே சொல்ல வேணும்.”