தங்கையின் குதிரைப்படை

பல்செட்டு கட்டுவது அவருடைய தொழில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகள் காலையில் பட்டறைக்கு வந்து சேரும். சாயங்காலத்துக்குள் மெழுகில் பல்வரிசை எழுந்து நிற்கும். வீட்டில் அவருக்குப் பெயர் தளபதி. மனைவி வைத்த பெயர். சாப்பாட்டு மேசை முழுக்க ஆள்காட்டி விரல் உயரம்கூட இல்லாத ஈயச் சிப்பாய்களை நிறுத்திப் போர் ஆடுகிறவரை வேறு என்னவென்று கூப்பிடுவது?

சின்ன வயதில் அவரும் தங்கையும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அது. அப்பா ஏலக்கடையில் வாங்கி வந்த பொம்மைகள். காலாட்படை அண்ணனுக்கு, முப்பது குதிரைவீரர்கள் தங்கைக்கு. அடிக்கோலால் தூரம் அளந்து நகர்த்துவார்கள். யார் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்லும். பரீட்சைக் காலத்தில்கூடப் போர் நிறுத்தம் கிடையாது. கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனபோது தங்கை தன் படையையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டாள். "உன்கிட்ட விட்டுட்டுப் போனா எல்லாரையும் கைதி பண்ணிடுவே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

அதன்பின் முப்பத்தோரு வருஷம். பழம்பொருள் கடைகளில் கை கால் ஒடிந்த சிப்பாய்களாகத் தேடி வாங்கிச் செப்பனிட்டார். காலாட்படை அலமாரி கொள்ளாமல் பெருகியது. குதிரை மட்டும் ஒன்றுகூட வாங்கவில்லை. ஒரு கடைக்காரர் அருமையான குதிரைப்படை ஒன்றை எடுத்து நீட்டியபோது, "அது எங்க வீட்ல ஏற்கெனவே இருக்குங்க," என்று சொல்லிவிட்டு வந்தார்.

போன வருஷம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே பிஸ்கட் டப்பா, அதற்குள் குதிரைகள். கூடவே தங்கையின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'வீடு மாத்துறோம் அண்ணா. நிலவறையில கிடந்துச்சு. தூக்கிப்போட மனசு வரல. உன்கிட்டயே இருக்கட்டும்.'

பட்டறைக்குக் கிளம்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுங்களை எடுத்துக்கிட்டு ஒரு நாள் அவளே வருவான்னு இருந்தேன்," என்றார் மனைவியிடம். "அனுப்பிட்டாளே."

மனைவி மேசையைத் துடைத்துப் பழைய துணியொன்றை விரித்தாள்.

ஈரம் ஏறி ஈயத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. எட்டுக் குதிரைகள் தொட்டதுமே உதிர்ந்தன. மிச்சம் இருபத்திரண்டு. பொடியைச் சுரண்டினார். பல்லுக்கு வைத்திருந்த நுண்துளைக் கருவியால் ஒடிந்த கால்களில் துளையிட்டு, கம்பி கொடுத்து ஒட்டினார். வீரர்களின் சட்டை என்ன நீலம் என்பதுதான் பிடிபடவில்லை. கடைசியில் சேணத்துக்கு அடியில், வெளிச்சம் படாத இடத்தில், கடுகளவு பழைய சாயம் அகப்பட்டது. அதற்கு ஈடாக நிறம் கலக்க நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

பூதக்கண்ணாடியும் கையுமாக அவர் குனிந்திருப்பதைப் பார்த்து மனைவி கேட்டாள்: "கட்டிக்கிட்ட நாள்லேருந்து என்னை ஒரு தடவையாவது இப்படி உத்துப் பார்த்திருக்கீங்களா?"

"நீ ஒரு இடத்துல நிக்க மாட்டியே," என்றார்.

எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு படைகளையும் எதிரெதிரே நிறுத்தினார். தன் பக்கத்தை நகர்த்தினார். அடுத்தது தங்கையின் முறை. குதிரைமேல் வைத்த விரல் நகரவில்லை. இருவருக்குமாகத் தானே ஆடலாம். ஆனால் எங்கே நகர்த்தினாலும் அது தன் மூளையாகவே இருந்தது, அவளுடையதாக இல்லை.

தொலைபேசியில் அழைத்தார்.

"குதிரையெல்லாம் சரியாயிடுச்சு. எதிர்ல மேடு, இடது பக்கம் ஆறு. நீயா இருந்தா எங்க போவே?"

"அய்யோ அண்ணா, அதெல்லாம் மறந்தே போச்சு!" பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்: "மேட்டு மேல யாரு? உன் ஆளுங்களா?"

"ஆமா."

"அப்ப நேரா மேட்டுக்கே விடு. சுத்திப் போறதெல்லாம் உன் புத்தி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "அப்புறம் பேசறேன் அண்ணா," என்று வைத்துவிட்டாள்.

அவர் அடிக்கோலை எடுத்து மேட்டை நோக்கி அளந்தார். குதிரைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பகடையை உருட்டாமல் வெகுநேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார்.