பூசாத பக்கத்துப் பொட்டு

சிங்கப்பூரில் எங்கள் மார்சிலிங் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் பொத்தானை விரலால் அழுத்துகிறவர்களைப் பார்ப்பது அரிது. நாலாம் மாடி மலாய்க்காரர் சாவியால் குத்துவார். மேல்வீட்டு அம்மா முழங்கையால் இடிப்பார். பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் போத்தலின் அடியால் தட்டுவார்கள். கோயம்புத்தூர் டவுன் பஸ்ஸில் ஒரே கம்பியில் பதினைந்து பேரோடு தொங்கி வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. அந்தக் கிருமிப் பயத்தால்தான் எனக்குச் சம்பளம் என்று புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் கொல்லும் பூச்சு செய்கிறேன். உலோகமும் கரிமச் சேர்மமும் கைகோத்துக் கட்டும் நுண்படிகம் அது. ஆப்பத்தின் நடுப்பகுதி போல உடம்பெல்லாம் ஓட்டை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதற்குள்ளிருந்து துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மேலே வந்து உட்காரும் கிருமியின் கதையை முடித்துவிடும். இப்போது எஃகுத் தகடுகளில் பூசிச் சோதிக்கிறோம். தேறினால் லிஃப்ட் பொத்தான்களுக்குப் போகும்.

ஊரில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று ஸ்பேனர் வரைக்கும் பொட்டு விழும். பொட்டு வைக்காத மிஷினில் கை வைத்தால் விரல் போய்விடும் என்பார். நான் முனைவர் பட்டம் வாங்கியவன், இதையெல்லாம் நம்புவதில்லை. என் விரல்கள்தான் நம்புகின்றன. அதனால் போன ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். மூன்று தலைமுறையாக அங்கே கடை வைத்திருக்கும், பேச்சில் சிங்கப்பூர் ‘லா’ ஒட்டிக்கொண்ட நாகூர் பாய் பொட்டலம் கட்டிக்கொண்டே விசாரித்தார்.

“எந்த மிஷினுக்கு தம்பி?”

“மிஷின் மட்டும் இல்ல பாய், நானோ பூச்சு. கண்ணுக்கே தெரியாது.”

“அப்ப பொட்டையும் கண்ணுக்குத் தெரியாம வைங்க லா.”

அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு நுண்ணோக்கிக்கு ஒரு பொட்டு, கிருமி வளர்க்கும் அடைகாப்பானுக்கு ஒரு பொட்டு வைத்தேன். பக்கத்துத் தட்டில் புதிதாய்ப் பூசிய பத்துத் தகடுகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றை மட்டும் விட மனம் வரவில்லை. நடுவில் ஆளுக்கொரு பொட்டு வைத்து, மறுநாள் காலை காகிதத்தால் துடைத்துவிட்டேன்.

பிறகு தகடுகளில் கிருமியைத் தடவி, எது பிழைத்தது என்று வளர்த்துப் பார்த்தோம். ஓரமெல்லாம் படு சுத்தம். நடுவில் மட்டும், பத்துத் தகட்டிலும் ஒரே அளவில், வட்டமாகக் கிருமிக்கூட்டம். நெற்றி ஒன்றுதான் குறை. சந்தனம் ஓட்டைகளை அடைத்துவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்தது. என் மேலதிகாரி டாக்டர் லிம்முக்குத் தெரியவில்லை. பூச்சே தோல்வி, திட்டத்தை நிறுத்தச் சொல்லி எழுதப்போகிறேன் என்றார்.

என் வேலை அனுமதியை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். திட்டம் நின்றால் நான் ஊருக்கு. உண்மையைச் சொன்னாலும் அநேகமாக ஊருக்குத்தான். ஆனால் பாவம், அந்தப் பூச்சு என்ன செய்தது? இரண்டு வருடம் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பேசியது ஆங்கிலம். முறைப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“என் தகட்டுக்கு நீ ஆசீர்வாதம் பண்ணியிருக்கே?”

“ஆமா டாக்டர்.”

“யாருக்கு? பூச்சுக்கா, பாக்டீரியாவுக்கா?”

அவர் பதிவேட்டைத் திறந்தார். ‘மாசுக்குக் காரணம்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார். ‘வழக்கமான பயன்பாடு’ என்று எழுதினார்.

“லிஃப்ட்ல வர்றவங்க கையில ரொட்டிக்குத் தடவுற காயா ஜாம் இருக்கும், கறிக்குழம்பு இருக்கும், உன் சந்தனமும் இருக்கும் லா. பொட்டுக்கே செத்துப்போற பூச்சை எந்த புளோக்ல மாட்டுறது? கழுவிட்டு மறுபடி பார்.”

சோப்புத் தண்ணீரில் கழுவிய தகடுகள் மறுபடி வேலை செய்தன. திட்டம் பிழைத்தது, நானும் பிழைத்தேன். டாக்டர் லிம் என் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு ஒரு தகட்டை எடுத்து நீட்டினார்.

“அடுத்த வருஷம் பின்பக்கம் வை. அங்க பூச்சு கிடையாது.”

தகட்டை இரு கையாலும் ஏந்தி வீட்டுக்கு வந்தேன். லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்தினேன். கை காலியாக இருந்திருந்தாலும் அப்படித்தான் அழுத்தியிருப்பேன்.

இப்போது அது எங்கள் அலமாரியில் நிற்கிறது, பின்பக்கத்தில் ஒரு பொட்டோடு. அப்பா வீடியோவில் வந்தால் பொட்டுப் பக்கத்தைத் திருப்பிவைக்கிறேன். இங்குள்ள நண்பர்கள் வந்தால் பூச்சுப் பக்கம். ஒரு பக்கத்தில் எதுவும் உயிர் பிழைக்காது. மறுபக்கத்தில் எதுவும் வளரலாம். நடுவில் ஒரு மில்லிமீட்டர் எஃகு. என் விலாசம் கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு மில்லிமீட்டரைத்தான் சொல்ல வேண்டும்.