குழுவில் விழுந்த வாக்குகள்

அரியாலையில் முன்பள்ளி ஆசிரியை ஜெயந்தினியைத் தெரியாத வீடு குறைவு. கொரோனாக் காலத்தில் சாமான் பகிர்வதற்காக அவள் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில்தான் பிறகு ஊர்க்கதை முழுவதும் நடந்தது. உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது, கட்சியின் கிளைத் தலைவர் நாகலிங்கம் வட்டார வேட்பாளரைத் தெரிவுசெய்ய அந்தக் குழுவிலேயே வாக்கெடுப்பு வைத்தார். ஒரு பக்கம் ஜெயந்தினி. மறுபக்கம், ட்ரோன் பறக்கவிட்டு ஊரைப் படம்பிடித்துப் போடும் சிவகரன்.

ஒரே நாளில் முடிவு வந்தது. சிவகரனுக்கு இருநூற்றுப் பதினான்கு, அவளுக்கு எண்பத்தேழு.

ஜெயந்தினிக்கு முகம் சுண்டிப்போனது. வாக்குப் போட்டவர்கள் யார் என்று தட்டிப் பார்த்தாள். கனடா, லண்டன், சுவிஸ் இலக்கங்கள் வரிசையாக நின்றன. வாக்காளர் இடாப்பை மடியில் வைத்து ஒவ்வொரு பெயராய் ஒப்பிட்டாள். போட்டவர்களில் இங்கே வாக்குள்ளவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர்தான். அவர்களில் எழுபத்தொன்பது பேர் அவளுக்குப் போட்டிருந்தார்கள்.

கணக்கைப் பார்த்த நாகலிங்கம் தலையைச் சொறிந்தார். “வெளிநாட்டிலை இருக்கிறவையும் எங்கடை ஆக்கள்தானே, பிள்ளை? அவையைப் பகைக்க ஏலாது.”

“பகைக்கச் சொல்லேல்லை, ஐயா. என்ரை தம்பியும் ஜேர்மனியிலைதான். ஆனால் வெள்ளம் வந்தால் ஆரின்ரை வீட்டுக்குள்ளை வரும்? இஞ்சை இருக்கிறவையைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. அதிலையும் தோத்தால் சிவகரனுக்காக நானே வீடுவீடாய் நோட்டீஸ் குடுக்கிறன்.”

அவர் இழுத்தடித்தார். மூன்று நாள் விடாமல் அவரிடம் போனாள். நான்காம் நாள் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைக்கச் சம்மதித்தார்.

அறுபத்தாறு பேர் வந்தார்கள். நண்டு விற்கும் லூர்த்தம்மா எழும்பிச் சிவகரனைக் கேட்டாள்: “தம்பி, உன்ரை வீடியோவிலை எங்கடை வாய்க்கால் வடிவாய்த்தான் கிடக்கு. மாரியிலை தண்ணி எங்காலை ஓடும்?”

அவன் கைபேசியில் அந்த வீடியோவைத் தேடினான். ஜெயந்தினி எந்த மதகு அடைபட்டிருக்கிறது என்று சொல்லி, அதற்காக எழுதிய மூன்று கடிதங்களையும் காட்டினாள். நாற்பத்தொரு கைகள் அவளுக்காக உயர்ந்தன.

அவள் வீடு போய்ச் சேருமுன்னரே, ‘புலம்பெயர் தமிழரை அவமதித்தவள்’ என்று அவளின் படத்துடன் ஒரு பதிவு பரவிவிட்டது. உடனே பதில் போடும்படி மறுநாள் காலை நாகலிங்கம் தொலைபேசியில் சொன்னார்.

“ஓம், போடுறன் ஐயா. முதல்லை இந்த ஒழுங்கையிலை மிச்ச வீடுகளை முடிக்கிறன்.”

ஐந்து கிழமை வாக்குக் கேட்டு வீட்டுப் படலை படலையாய் ஏறி இறங்கினாள். பதிவுகள் நிற்கவில்லை. சில வீட்டார் கைபேசியில் அவற்றையே நீட்டிக் கேள்வி கேட்டார்கள். கதிரையில் இருந்து ஆறுதலாய்ப் பதில் சொல்லிவிட்டுத்தான் எழும்பினாள். தேர்தல் முடிவு வந்த நாளில் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஐம்பத்திரண்டு வாக்குகளால் வென்றிருந்தாள்.