சண்முகையாவின் சிவப்புப் பென்சில்

நாயனக்காரர் சண்முகையா நாற்பது வயதுவரை எதையும் தேடிப் படித்தவர் இல்லை. அவருக்குக் காதுதான் எல்லாம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இலங்கை வானொலி பாடும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மெட்டு அவர் விரலுக்கு வந்துவிடும். பாட்டின் வார்த்தையை யார் கேட்டது? "நாயனத்துக்குள்ள வார்த்தையா போகுது?" என்பார். அந்த மிதப்புதான் அவரைக் கவிழ்த்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் கரிவலம்வந்தநல்லூர் பெருமாள்சாமியின் மூத்த மகள் கல்யாணம். பெண் அழைப்பு ஊர்வலத்தில், நாயனக்காரர் நின்று வாசித்தால் எல்லோரும் நிற்க வேண்டும், அதுதான் வழக்கம். தெருமுக்கில் நின்று, புதிதாய்ப் பிடித்த மெட்டு ஒன்றை உருகி உருகி வாசித்தார். கல்யாணப்பெண் உலகம்மாள் கண்ணைத் துடைத்தாள். தன் வாசிப்புக்குத்தான் அழுகிறாள் என்று இவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார். பெண்ணின் தாய்மாமன் ஓடிவந்து நாயனத்தைப் பிடித்து இறக்கினார்.

"நிறுத்தும் வே! பொண்டாட்டியைச் சுடுகாட்டுக்கு அனுப்பிட்டு அவன் பாடுத பாட்டுல்லா இது? படம் பாத்தீரா, இல்லையா?"

பார்க்கவில்லை. டீக்கடையில் பஸ் ஹாரன் சத்தத்தில் வார்த்தையும் சரியாய்க் கேட்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அந்தப் பெண் அழுதது சண்முகையாவை விடவில்லை. தன்னால் ஒரு பிள்ளையின் வாழ்வு கெட்டுப்போகுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. கரிவலத்துக்காரர் யாரையாவது சந்தையில் கண்டால் ஒதுங்கிப் போனார். விசாரிக்கப் பயம்.

அதற்குப் பிறகுதான் படிப்பு. பஸ் ஸ்டாண்டில் விற்கும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களை ஒன்று விடாமல் வாங்கினார். மூன்றாம் வகுப்பு வரை போனவர். எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படிப்பார். சாவு, பிரிவு, கண்ணீர் என்று எது தட்டுப்பட்டாலும் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. மைக்செட் ஹபீப் முகம்மது கடையில் ஒரே ரிக்கார்டை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்பார். அப்போதும் நம்பிக்கை வராமல், மேட்னி விட்டு வருகிறவர்களை மறித்து, "கடைசியில அந்தப் பிள்ள சாகுதாளா, பொழைக்காளா?" என்பார்.

"இந்தப் படிப்பைச் சின்ன வயசுல படிச்சிருந்தா வக்கீலாயிருப்பீரு வே," என்றார் ஹபீப்.

எண்பத்திரண்டில் பெருமாள்சாமியே ஆள் அனுப்பினார். இளைய மகள் கல்யாணம். பை நிறையப் பாட்டுப் புத்தகத்தோடுதான் போனார். ஊர்வலம் கிளம்பும் முன், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு உலகம்மாள் எதிரே வந்து நின்றாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அண்ணாச்சி, எங்க கல்யாணத்துல வாசிச்சீங்களே, அதை இன்னைக்கும் வாசிங்க."

"வேண்டாம் தாயி. அன்னைக்கு நீ அழுதது போதும்."

"பாட்டுக்கா அழுதேன்? சேலையில குத்துன ஊக்கு கழண்டு இடுப்புல ஏறிக்கிட்டு நின்னுது. அத்தன ஆம்பளைக முன்னால எப்படிச் சொல்லுதது? வீட்டுக்குள்ள போயி எடுப்போம்னு பார்த்தா, நீங்க முக்குல நின்னு இழுத்துக்கிட்டே இருந்தீங்க."

நாலு வருஷப் பயம், ஒரு ஊக்கு. சண்முகையாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

அன்றைக்கு அந்த மெட்டை அவர் வாசிக்கவில்லை. தாய்மாமன் பக்கத்திலேயே நடந்து வந்தார். பென்சில் குறி விழாத பாட்டுகளாகப் பார்த்து வாசித்தார். ஆனால் தெருமுக்கு எதிலும் நிற்கவில்லை. கல்யாண வீட்டு வாசல் வரை நடந்துகொண்டே வாசித்தார்.