லப்பைக்குடிகாட்டில் எரியும் பதினான்கு பல்புகள்

ஒரு மன்னிப்பை வாங்கி வரத்தான் 2004 ஜனவரியில் லப்பைக்குடிகாட்டுக்குப் போனேன். பாலிடெக்னிக் விடுதியில் காவலாளி அறைக்குப் போன் வந்தால், அழைக்கப்பட்ட மாணவனின் அறையில் பல்பு எரியும்படி கம்பி இழுத்தவன் நான். கண்காட்சி நாளில் எனக்குக் காய்ச்சல். கூட்டாளி ஜமால் மேடையேறிப் பரிசை வாங்கினான். என் பெயரைச் சொல்லவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற சண்டையே இன்னும் ஓயவில்லை, பள்ளிப் புத்தகம் ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. என் சண்டையைக் கேட்கவோ ஆளே இல்லை. அதே ஏற்பாட்டை ஜமால் தன் ஊரில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

அரியலூரில் காலை 9.10க்குப் பஸ். சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர் சேர 10.25, ஒன்பது ரூபாய். அங்கிருந்து இன்னொரு பஸ், ஒரு மணி நேரத்துக்கு மேல். கண்டக்டரிடம் ஜமாலின் எஸ்.டி.டி. பூத்தை விசாரித்தேன்.

"வெள்ளிக்கெழம பாத்தா வந்தீங்க? தொழுகை முடிஞ்சுதான் தொறப்பாரு. நெழலா ஒக்காருங்க சார்."

இரண்டரை மணி வரை உட்கார்ந்திருந்தேன், கோபம் ஆறிவிடாமல் பார்த்துக்கொண்டு.

தொப்பியும் தொந்தியுமாக வந்த ஜமால், "டேய்! உள்ள வாடா!" என்று இழுத்துப் போனான். போனுக்குப் பக்கத்தில் பதினான்கு சுவிட்சுகள். ஒவ்வொன்றிலிருந்தும் போன் இல்லாத ஒரு வீட்டுக்குக் கம்பி. நான் விடுதி மின்சாரத்தில் எரித்ததை இவன் லாரி பேட்டரியில் எரிக்கிறான். கரண்ட் போனாலும் அணையாது. அது எனக்குத் தோன்றவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பேச வாயெடுத்தேன். மணி இரண்டே முக்கால். துபாயில் ஜும்மா முடிந்து ஆண்கள் ஊருக்குப் பேசும் நேரம். போன் அடித்தது.

"அஞ்சு நிமிசத்துல திரும்ப அடிங்க மாப்ள," என்று வைத்துவிட்டு ஆறாவது சுவிட்சைத் தட்டினான் ஜமால்.

தெருவில் ஒரு பெண் கத்தினாள். "பாத்திமா, ஒன் வூட்டு மனோகரு எரியுதுடி! ஓடு!"

மனோகர் என் பெயர்.

"என்னடா இது?"

"மாட்டுன அன்னிக்கு யாரு ரோசனைன்னு கேட்டாங்க. மனோகரோடதுன்னேன். அதுக்கப்பறம் ஒருத்தரும் பல்புன்னு சொல்றதில்ல. நேத்துகூட பத்தாம் நம்பர் மனோகரு பீஸ் போயிட்டான்."

"அன்னிக்கு மேடையில சொல்லியிருக்கலாம்ல?"

"மைக்கப் பாத்ததும் எம் பேரே மறந்துபோச்சுடா."

பாத்திமா கை மாவோடு, செருப்பில்லாமல் ஓடி வந்தாள். "தள்ளுங்க," என்று என்னை விலக்கிவிட்டு ரிசீவரை எடுத்தாள். "அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

4.20 பஸ்ஸில் திரும்பினேன். மன்னிப்பு வரவில்லை, ஜமால் கட்டிக் கொடுத்த பிரியாணி மடியில் சூடாக இருந்தது.

போகிறவர்கள் வெள்ளியன்றே போங்கள். மதியம் கடைகள் மூடியிருக்கும், பெரம்பலூரிலேயே தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டே முக்காலுக்குப் பிறகு பூத் வாசலில் நிற்காதீர்கள். ஓடி வருகிறவர்களுக்கு வழி வேண்டும்.