முன்சக்கரம் பின்னால் போன ஜீப்

அந்த ஜீப்பை நினைத்தாலே இன்றும் எனக்கு இடுப்பு வலிக்கிறது. தொண்ணூறுகளில் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். வியாழக்கிழமைதோறும் கணியம்பாடிக்கு அப்பால், ஓடையைத் தாண்டி, மலையடியில் இருந்த ஊருக்கு மருந்துப் பெட்டியோடு போக வேண்டும். டிரைவர் அண்ணனும் நானும் மட்டும்தான். பழைய பெட்ரோல் ஜீப். ஒரு வாரம் ஏற்றத்தில் நின்றுபோன என்ஜின், அப்புறம் உயிர் பெறவே இல்லை.

ஆபீஸில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். டீசல் என்ஜின் மாற்றிப் பார்ப்பது, அதுவும் சரிப்படாவிட்டால் ஜீப்பை விற்றுவிட்டு அந்த ஊருக்குப் போவதையே நிறுத்திவிடுவது. நிறுத்தட்டும் என்று எனக்கு உள்ளூர ஆசைதான். வார்டு வேலை, வீட்டு வேலை, இரண்டு பிள்ளைகள். வாரா வாரம் புழுதி தின்றுவிட்டு வர நான்தான் கிடைத்தேனா?

ஆம்பூரில் லாரிப் பட்டறை வைத்திருந்த பாய் வேலையை எடுத்துக்கொண்டார். தோல் ஏற்றிய வேனிலிருந்து கழற்றிய டீசல் என்ஜின், அதன் கியர்பாக்ஸ், முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்க வேறொரு ஜீப்பிலிருந்து இன்னொரு கியர் பெட்டி. எல்லாம் ஒட்டாத சம்பந்தம். பெட்டியின் தண்டு இடப்பக்கம் வந்தது. எங்கள் முன் அச்சில் அது சேரவேண்டிய இடமோ வலப்பக்கம். பாய் யோசித்து, அச்சையே தலைகீழாகப் புரட்டிப் பொருத்திவிட்டார். கச்சிதமாகச் சேர்ந்துகொண்டது.

"இனிமே பேஜாரே இல்ல சிஸ்டர்" என்று தார் ரோட்டில் ஓட்டிக் காட்டினார். தார் ரோட்டில் பின்சக்கரங்கள் மட்டும்தான் வேலை செய்யும் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஓடை மணலில் பின்சக்கரம் புதைந்தது. அண்ணன் தெம்பாக, முன்சக்கரங்களையும் சேர்த்து ஓட்டும் நாலு சக்கர கியரைப் போட்டார். ஜீப் உறுமியது, உதறியது, நின்ற இடத்திலேயே குழி பறித்தது. இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரம் முன்னால் போகப் பார்க்கிறது, முன்சக்கரம் பின்னால் போகப் பார்க்கிறது.

"இன்னாண்ணா இது?"

"அச்ச பொரட்டிப் போட்டார்ல, உல்டாவா சுத்துது" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பாடா, இதோடு முடிந்தது என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புது என்ஜினின் சத்தம் ஊர்வரைக்கும் கேட்டிருக்கிறது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்கள். அங்கேயே ஊசி போட்டேன், மருந்து கொடுத்தேன். முடிந்ததும் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஜீப்பைத் தள்ளி மேட்டில் ஏற்றினார்கள். ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுத்த வாரமும் வா சிஸ்டர், நாங்க தள்றோம்" என்றாள்.

சாயந்திரம் ஆபீஸில் கேட்டார்கள், ஜீப் எப்படிப் போச்சு என்று. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும், வியாழக்கிழமையெல்லாம் என்னுடையது.

"நல்லா போச்சு சார்."

வெளியே வந்ததும் அண்ணன் முறைத்தார். "இன்னா சிஸ்டர், இப்டி மாட்டிவுட்டுட்டீங்க?"

பாய் திரும்பக் கழற்றினால் ஆபீஸுக்குத் தெரிந்துவிடும். அதனால் அந்த நாலு சக்கர கியரை அப்புறம் யாரும் தொடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை போனபோது, ஓடைக்கு இந்தப் பக்கமே அந்தப் பெண்கள் நின்றிருந்தார்கள், சேலையைச் செருகிக்கொண்டு.